பாகல் பிடி

ராயபுரம் மீன் சந்தையில் ஷெர்லினைத் தேடி அலைய வேண்டியதில்லை. மீன் வெட்டுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் எங்கே சிரிப்புச் சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ, அங்கே போனால் போதும். நாற்பத்திரண்டு வயது, கனத்த சரீரம், முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட கணவனின் பழைய சட்டை. முன்னால் ஒரு புளியமரக் கட்டை, இரண்டு கத்திகள். பத்தொன்பது வருஷமாக அதே இடம்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மீனின் வயிற்றைக் கிழிக்கும்போது மட்டும் கத்தியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பாள். முனை தரையைப் பார்க்கும், கூர் அவள் பக்கம் இருக்கும். அப்படியே குத்தித் தன்னை நோக்கி ஓர் இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கை தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

போன ஜூலையில் ஒரு நாள் காலை அவள் அப்படி ஒரு பாறை மீனைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் நின்ற குட்டையான வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கைதட்டிக் கத்தினாள்.

"பாகல்! பாகல்!"

ஷெர்லின் நிமிர்ந்து பார்த்தாள். "பாவக்கா வோணும்னா காய்கறி மார்க்கெட்டுக்குப் போம்மா. இங்க மீனு மட்டும்தான் கீது."

அந்த நேரம் பார்த்து அவளுக்கு டிபன் கொண்டுவந்த கணவன் ஜெஸ்வின் சிரித்தே விட்டான். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பளுதூக்கி ஓட்டுகிறவன் அவன். கப்பல்காரர்களின் ஆங்கிலம் அவனுக்கு ஓரளவு பழக்கம். விசாரித்துச் சொன்னான். அவள் பெயர் மரிசெல். பிலிப்பைன்ஸில் செபு தீவுக்காரி. எண்ணூருக்கு நிலக்கரி ஏற்றி வந்த கப்பலில் மூன்றாம் அதிகாரி. என்ஜினுக்கு ஏதோ சாமான் வரவேண்டியிருப்பதால் கப்பல் நகராமல் நிற்கிறது. அவர்கள் ஊரில் ஆர்னிஸ் என்று ஒரு சண்டைக் கலை உண்டு, பள்ளிக்கூடத்திலேயே கற்றுத் தருவார்கள். அதில் கத்தியைத் தலைகீழாகப் பிடிப்பதற்குப் பெயர்தான் பாகல்.

மரிசெல் தலையிலிருந்த சீப்பை உருவிக் காட்டினாள். முனை மேலே பார்க்கப் பிடித்து, "சக்சக்" என்றாள். விரல்களுக்குள் ஒரு சுழற்று, முனை கீழே வந்தது. "பாகல்." பிறகு ஜெஸ்வினின் கையைப் பிடித்தாள். என்ன செய்தாள் என்று தெரியவில்லை, டிபன் டப்பா அவள் கையில் இருந்தது, ஜெஸ்வின் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

ஷெர்லின் கத்தியைக் கீழே வைத்தாள். "யோவ், எனக்கும் அத்த கத்துத்தரச் சொல்லுயா!"

கப்பல் இருபத்து மூன்று நாள் நின்றது. கரைக்கு வர அனுமதி கிடைத்த நாட்களிலெல்லாம் மரிசெல் மூன்று மணிக்கு ஷெர்லின் வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிடுவாள். நிஜக் கத்தியைத் தொடவே கூடாது என்பது முதல் நாள் கட்டளை. ஜெஸ்வின் தண்டையார்பேட்டைப் பழைய சாமான் கடையில் கன்வேயர் பெல்ட் துண்டு வாங்கி, ரப்பர் கத்திகள் அறுத்துக் கொடுத்தான். அடி வாங்குகிறவனும் அவனேதான்.

"கல்யாணம் ஆவசொல்ல இத்தையெல்லாம் சொல்லவே இல்லியே" என்பான் தரையிலிருந்து.

முதலில் ஒரு சுற்றுப் பயிற்சி. எதிராளியின் கை மேலிருந்து வரும். முன்கையால் தடு, மறு கையால் அதை ஓரமாகக் கடத்திவிடு, திருப்பி அடி. உடனே எதிராளியும் அதையே செய்வாள். முடிவே இல்லாமல் ஓடும். 'அவிழ்த்துக் கட்டுவது' என்று அந்தப் பயிற்சியின் பெயருக்கு அர்த்தமாம். ஷெர்லினுக்கு இரண்டாம் நாளே பிடிபட்டது. கண்ணால் பார்க்காமல் கையால் உணர்வது அவளுக்குப் புதிதில்லை. செதிலுக்கு அடியில் முள் எங்கே ஓடுகிறது என்று விரலாலேயே அறிந்தவள்.

மரிசெல் அடிக்கடி சொன்னது தூரத்தைப் பற்றித்தான். கத்தியைப் பார்த்தால் முதலில் ஓடு. ஓட முடியாவிட்டால் சட்டையோடு சட்டை உரசும் அளவுக்கு உள்ளே போ. நடுவில் நிற்பதுதான் சாவு. கத்தியைப் பிடிக்காதே, கத்தி பிடித்த கையைப் பிடி.

எதிர் வீட்டுப் பால்கனியில் துணி தைத்துக்கொண்டே ரஹீமுன்னிசா இதையெல்லாம் பார்ப்பாள். "அக்கா, மாமாவ உசுரோட வுடுங்கோ!" என்று கத்துவாள்.

கப்பல் கிளம்பியது. ஷெர்லின் பத்துக் கிலோ வஞ்சிரத்தை ஐஸ் போட்டுக் கட்டிக்கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்பினாள். மொட்டை மாடிப் பயிற்சியை மட்டும் விடவில்லை. ஜெஸ்வினும் வேறு வழியில்லாமல் ஈடுகொடுத்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். காலை ஏழு மணி, சந்தை உச்சத்தில் இருந்த நேரம். ஐஸ் விற்கும் ஆறுமுகநயினார், குரல் உயர்த்திப் பேசியே யாரும் கேட்டிராத மனுஷன். பின்னால் வந்த மினி லாரி ஒன்று அவருடைய ஐஸ் தொட்டி இரண்டையும் கவிழ்த்து நசுக்கிவிட்டது. ஓட்டுநர் இறங்கிவந்து, "கண்ணு இன்னா பின்னாடியா கீது, கெய்வா?" என்றான். நயினாரின் முகம் மாறியது. திரும்பினார், ஷெர்லினின் கட்டையிலிருந்த பெரிய கத்தியை எடுத்தார்.

சுற்றியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். ஓட்டுநரின் முதுகு அவன் லாரியிலேயே முட்டிக்கொண்டது. ஓட இடமில்லை.

ஷெர்லின் எழுந்தது அவளுக்கே தெரியாது. நயினாரின் கை மேலே போன கணத்தில் அவள் அவருடைய தோளோடு ஒட்டி நின்றாள். முன்கை தடுத்தது, இடது கை அவர் கையைக் கீழே கடத்தியது, வலது கை மணிக்கட்டைத் திருகியது. கத்தி சங்கரா மீன் கூடைக்குள் சொத்தென்று விழுந்தது. அவர் கையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுண்ணே. ஐஸுதானே, கரையறதுதானே. வுடு."

நயினார் தன் வெறுங்கையைப் பார்த்தார். "நானா தாயி? நானா கத்திய எடுத்தேன்?" என்று திருநெல்வேலித் தமிழில் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஓட்டுநர் உடைந்த தொட்டிகளை நிமிர்த்த ஆரம்பித்தான்.

ஷெர்லின் கூடையிலிருந்து கத்தியை எடுத்துக் கழுவினாள். தன் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரோ, "இன்னாமே பண்ண நீ?" என்று கேட்க, அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தை முழுக்க அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. நயினாரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

அன்று மாலை வீடியோவில் மரிசெல்லிடம் சொன்னார்கள். அவள் முதலில் திட்டினாள். ஏன் ஓடவில்லை, கொஞ்சம் பிசகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொரிந்துதள்ளினாள். ஷெர்லின் தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மூச்சு வாங்க நிறுத்திவிட்டு மரிசெல், "எந்தக் கையால் திருகினாய்?" என்றாள். ஷெர்லின் வலது கையைக் காட்டினாள். மரிசெல் சந்தோஷத்தில் கப்பலே அதிர்கிற மாதிரிக் கூச்சல் போட்டாள்.

மறுநாளே ரஹீமுன்னிசா படியேறி வந்தாள். "அக்கா, எனுக்கும். என் ரெண்டு நாத்தனாருக்கும்." சந்தையிலிருந்து ஆறு பேர், கருவாடு காயவைக்கிறவர்கள் நான்கு பேர், பள்ளிக்கூட டீச்சர் எழில்மொழி. மாடி போதவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, மீன் ஏலம் முடிந்து கழுவிவிட்ட ஷெட்டில் வகுப்பு நடக்கிறது. பதினான்கு பெண்கள். புடவையை இழுத்துச் செருகியவர்களும், புர்காவுக்கு மேல் இடுப்பில் துப்பட்டா கட்டியவர்களும் ஜோடி ஜோடியாக நின்று அந்த 'அவிழ்த்துக் கட்டும்' பயிற்சியைச் செய்கிறார்கள். தப்பாகச் செய்தால் ஷெர்லின், "அய்ய, நடுவுல நிக்காத, சாவப்போறியா? ஒண்ணு ஓடு, இல்ல ஒட்டு!" என்று கத்துவாள்.

ரப்பர் கத்தியுடன் பாய்ந்து வருகிற வேலையை நயினார் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். போன ஞாயிறு ரஹீமுன்னிசா முதல்முறையாக அவர் கத்தியைக் கீழே தள்ளினாள். ஷெட்டில் எழுந்த ஆரவாரத்தில் வெளியே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். நயினார் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் உயர்த்தி, "தாயி, இன்னொருக்கா, இப்ப கொஞ்சம் வேகமா வாரேன்" என்றார்.