எதிர்வீட்டு மைக்

மார்ச் 9, சனிக்கிழமை. பால் வாங்கி, துணி உலர்த்தி, வழக்கம்போல எதிர்வீட்டு இளைஞருக்கு இட்லி கொண்டுபோனேன். வடநாட்டில் நாங்கள் குடியிருக்கும் கிட்வாய் நகரில், வீட்டிலிருந்தபடி தமிழில் பேசிக்கொண்டே வீடியோ கேம் ஆடி, அதை நேரலையில் காட்டுவதே அவர் தொழில். ஒல்லியான உடல், சிவந்த கண்கள். நான் நுழைந்ததும் மைக்கை ஒருபுறம் தள்ளிவைப்பார். அணைத்துவிட்டார் என்று நம்பித்தான், உறவினர்களுக்கே தெரியாத என் மகளின் விவாகரத்தை அவரிடம் சொல்லியிருந்தேன்.

மாலையில் காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி தமிழில் கேட்டாள்: "கேம் சேனல்ல பேசுற இட்லி ஆன்ட்டிதானே? உங்க பொண்ணுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சா?"

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "மைக் ஆன்லயேதான் இருந்துச்சா?"

"அரே ஆன்ட்டி, நீங்க பேசினாதான் நிறையப் பேர் பார்க்குறாங்க. எல்லாருக்கும் உங்களை ரொம்பப் பிடிக்கும்!"

அவர் சிரிப்பில் துளியும் கள்ளமில்லை. அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, வேறு யாரும் சொல்வதற்கு முன், மகளை போனில் அழைத்து, அவள் விஷயம் என்னால் வெளியே போய்விட்டதை நானே சொன்னேன்.