வெயிலில் வந்த வெள்ளம்

எனக்கு வாய் அதிகம். அந்த வாயால் ஒருநாள் என் ஆட்டோவை ஆற்றுக்குக் கொடுக்கப் பார்த்தேன்.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அன்று வெயில் அடித்தது. ஆற்றோர மணலில் ஆட்டோவை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஓர் அக்கா திடீரென்று கத்தினார்.

"தம்பி, வண்டிய மேல ஏத்துங்க! தண்ணி கலங்கிருச்சு, லீக்ஸ் மரக்கறி எலையா மெதந்து வருது. மேல மரக்கறித் தோட்டத்துப் பக்கம் மழ ஊத்துது!"

"இங்க வெயில் அடிக்குது. எடம் வேணும்னா நேரா கேளுங்க. ஆறு ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் சக்கரத்தைத் தொட்டது. மலை மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்ததால், மேலே பெய்த மழை உள்ளே இறங்காமல் ஓடை ஓடையாக எங்கள் ஆற்றில்தான் வந்து விழுந்தது. ஆட்டோ மணலில் புதைந்து நின்றது. அந்த அக்கா துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னோடு சேர்ந்து தள்ளினார். மேட்டில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், நான் நின்ற இடத்தில் இடுப்பளவு வெள்ளம். அவர் துணிகளையும் காணோம்.

"அக்கா, துணி..."

"போகட்டும் தம்பி. பாதி எங்க வீட்டுக்காரரு இடுப்புல கட்டுற ஓட்டச் சாரம். எத்தன தடவ சொல்லியும் தூக்கிப் போடல, ஆறு தூக்கிட்டுப் போயிருச்சு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத நான் அன்று கேட்டேன். லயத்து வரிசை வீடுவரை அவரை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், முதலில் நன்றாகத் திட்டி முடித்திருப்பேன். அதற்குள் ஆட்டோ போயிருக்கும்.