சிரோக்கோ கொண்டுவந்த மண்

இன்று காலை கார்க் கண்ணாடியில் செம்மண் படிந்திருந்தது. இரவு சிரோக்கோ அடித்திருக்கிறது; தெற்கிலிருந்து வரும் அனல் காற்றுக்குப் பலெர்மோவில் அதுதான் பெயர். மகள் அதில் விரலால் பூ வரைந்தாள். எனக்குப் பிலோமினா அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மன்னார்ப் பிலோமினா அக்காவும் நானும் இதே நகரின் ஒரேத்தோப் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம்; வேலையும் ஒரே சிஞ்ஞோராவின் வீட்டில்தான்; எசமானியம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. ஒருநாள் சுடச்சுடக் காற்று வந்தது. எங்களுக்கு அது சோளகம், ஊரின் தென்மேற்குக் காற்று. ஊரில் சோளகம் அடித்தால் துணி போட்ட கையோடு காய்ந்துவிடுமே!

"நல்ல காத்துப் பிள்ளை, எல்லாத்தையும் தோய்ச்சுப் போடுவம்" என்றார் அக்கா.

மொட்டைமாடி முழுக்க சிஞ்ஞோராவின் வெள்ளைப் பெட்சீற்றுகளை விரித்தோம். என்ன கெட்டிக்காரிகள் நாங்கள்! மத்தியானம் சேறாக மழை பெய்தது. சிஞ்ஞோரா ஏறி வந்து தலையில் கைவைத்தார், பிறகு சிரித்துவிட்டார். சகாரா மண் கடல் தாண்டி வருகிறது என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. அவருடைய ஒரே தம்பி அன்ரனை, இத்தாலிக்கு எடுப்பதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் அந்தப் பாலைவனத்துக்குள்ளால்தான் லொறியில் லிபியாவுக்கு அனுப்பியிருந்தான். ஒரு மாதமாகப் போன் இல்லை.

"நீ பூமிசாஸ்திரம் படிச்சனியெல்லோ. அது என்ன மாதிரி இடம்?"

படங்களில் மணல்மேடும் ஒட்டகமும்தான் இருக்கும். உண்மையில் பெரும்பகுதி கல்லும் பரலும். நடுவே கரிய மலைகள், எப்போதோ ஓடிய ஆறுகளின் வறண்ட தடங்கள். காற்று அள்ளி வருவது வற்றிப்போன ஏரிகளின் அடிமண்ணை. பரீட்சைக்கு எழுதுவதுபோல ஒப்புவித்தேன். என் வாய்க்கு எப்போது பூட்டு இருந்தது!

"கிணறு இருக்கோ?"

"ஓம் அக்கா. ஆனா தூரத் தூரத்தான்."

சீற்றுகளைத் திரும்ப அலசினோம். சிவந்த தண்ணீரை ஊற்றப்போன என் கையைப் பிடித்தார்.

"பொறு. அவன்ரை காலடி மண்ணும் இதுக்குள்ளை இருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அவரே அதைப் பூச்சாடிகளுக்கு ஊற்றினார்.

அன்ரனிடமிருந்து போன் வரவேயில்லை. அந்தச் சிஞ்ஞோரா இப்போது இல்லை. மாடிகளில் துணி போடுவாரும் குறைவு. சிரோக்கோ வருவதைக் கைப்போன் முதல்நாளே சொல்லிவிடுகிறது. அக்கா லண்டனில் மகளோடு இருக்கிறார். நவம்பரில் இறந்தவர்களுக்கான ஆத்துமாப் பூசைக்குத் தாய், தகப்பன், புருஷன் எல்லோருடைய பெயரையும் கொடுப்பார். தம்பியின் பெயரை இன்றுவரை கொடுத்ததில்லை. அவனுக்கு வருடாவருடம் பிறந்தநாள் பூசைதான்.

போன கிழமையும் கொடுத்துவிட்டுப் போன் எடுத்தார்.

"அறுபதாச்சுப் பிள்ளை அவனுக்கு. இப்ப கண்ணாடி போட்டிருப்பான், என்ன?"

"ஓம் அக்கா" என்றேன்.