நுரை அடங்கட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், வீட்டுச் சமையலறையில் நாலு போத்தல் பியரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதறாதீர்கள். குடியை விட்டு மூன்று வருஷமாகிறது என்று இந்தப் பக்கத்திலேயே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! இது குடி இல்லை... வேலை.

சுற்றுலா ஊரான எல்லவில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் நண்பர் செல்வம், கறுப்பு பியர் ஒன்று உட்பட நாலு வகை கிராஃப்ட் பியரை மெனுவில் போடப் போகிறார். வெள்ளைக்காரர்கள் படிக்க ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வரி வேண்டுமாம்.

"அண்ணே, டீமேக்கரா இருந்த நாக்கு உங்களோடது. ருசி பார்த்துச் சொல்லுங்க. முழுங்கவா சொல்றேன்?" என்றார். புகழ்ச்சிக்கு மயங்காத மனுஷன் உண்டா?

இருபது வருஷம் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் செய்ததையே செய்தேன். வரிசையாக நாலு கிளாஸ், ஒரு கரண்டி, ஒரு வாளி. 'சுர்ர்ர்' என்று சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்ப வேண்டும். தேயிலையை அப்படித்தான் பார்ப்போம். எவனும் விழுங்க மாட்டான்.

சந்தைக்குப் போன மனைவி மீனா, மழை இருட்டவும் குடை எடுக்கத் திரும்பி வந்துவிட்டாள். வாசலில் அவளுக்கு என்ன கேட்டிருக்கும்? உறிஞ்சல், துப்பல், வாளி... அந்தக் காலத்தில் கேட்டுக் கேட்டு அலுத்த வாந்தி சத்தம்தான்!

உள்ளே வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஐயோ, இல்ல மீனா. செல்வத்துக்காக ருசி பார்த்தேன். எல்லாம் துப்பிட்டேன்."

அவள் புனலை எடுத்தாள். கிளாஸில் இருந்ததையும் வாளியில் இருந்ததையும் திரும்பப் போத்தல்களில் ஊற்றினாள். ஆமாம், துப்பியதைத்தான்! நாலும் கழுத்து வரை நிறைய வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருஷமும் போச்சு, அவள் நம்பிக்கையும் போச்சு.

ஆனால் பியராயிற்றே... நுரை பொங்கி நின்றது.

"நுரை அடங்கட்டும்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. நுரை இறங்கியது. மூன்று போத்தல் சரி. நாலாவதில் ஒரு விரற்கடை குறைவு.

நுரையோடு போயிருக்கும், தரையில் சிந்தியிருக்கும் என்று பழைய பொய்கள் எல்லாம் க்யூவில் வந்து நின்றன.

"ஒரு மடக்கு உள்ள போயிருச்சு மீனா. தவறிப் போகல. அந்தக் கறுப்பு பியரை... வேணும்னுதான் முழுங்கினேன்."

அவள் புனலைக் கீழே வைத்தாள். பிறகு மூச்சு விட்டாள்.

"அப்பல்லாம் காலிப் போத்தல் காலடியில உருளும். ஒரு சொட்டுக்கூட தொடலன்னு சாமி மேல சத்தியம் பண்ணுவீங்க. இன்னைக்கு ஒரு மடக்குக்கே உண்மை வந்திருச்சு. அது போதுங்க."

நாலையும் சிங்க்கில் கவிழ்த்தாள். "செல்வம் தம்பிய இனி வேற நாக்கு தேடிக்கச் சொல்லுங்க. பையத் தூக்குங்க, சந்தைக்குப் போவோம்."

அப்பாடா! சந்தைப் பையை அவ்வளவு சந்தோஷமாக நான் தூக்கியதே இல்லை. குடியை விடுவதுகூடச் சுலபம், குடிகாரனின் பொய்யை விடுவதுதான் பெரும்பாடு.

மூன்று பியருக்கு விமர்சனம் எழுதி அனுப்பிவிட்டேன். கறுப்பு பியருக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அதை நான் ருசி பார்க்கவில்லையே... குடித்துவிட்டேன்!