கையெழுத்துப் போடாத அக்கா

என் அக்காவிடம் கையெழுத்து வாங்குவது எவருக்கும் எளிதாக இருந்ததில்லை. கூரியர்காரர்கள் வாசல் வரை வந்து, பொட்டலத்தோடு திரும்பிப் போவார்கள். அவர் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் வருகைப் பதிவேட்டில், அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருக்கும். அதற்குப் பக்கத்தில் முதலாளியே தம் சுருக்கொப்பத்தைப் போட்டுக்கொள்வார். சமையல் எரிவாயு உருளை கொண்டுவருபவர் சீட்டை நீட்டினால், "கொண்டு வந்தது நீதானே, உன் பேரையே எழுதிக்க" என்பார். எதிர்வீட்டுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூட்டக்கா'. அவருடைய கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

இது பிறவிக் குணம் அல்ல. தொடங்கிய நாள் எனக்குத் தெரியும்.

எங்கள் தந்தை உயில் எழுதாமல் இறந்தார். தாய் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அண்ணன், அக்கா, நான் என மூன்று பிள்ளைகள். ஆகவே வீட்டில் ஆளுக்கு ஒரு பங்கு. காரியங்கள் முடிந்து சில வாரங்கள் கழித்து, வீட்டு வரியை மூவர் பெயருக்கும் மாற்ற வேண்டும் என்று சொல்லி அண்ணன் என்னைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். நெரிசலில் நின்று, அவர் விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டேன், புகைப்படம் எடுத்தார்கள், பெருவிரலையும் பதித்தார்கள். மறுநாள் அக்காவை அழைத்துப் போக வந்தார். முதல் நாள் நடந்ததை என்னிடம் கேட்டுவைத்திருந்த அக்கா இரண்டே வாக்கியம் பேசினார்.

"வரி ஆபீஸ் வேலைக்கு எதுக்குண்ணே என் போட்டோ? பேப்பர வச்சிட்டுப் போ, படிச்சிட்டு வரேன்."

அண்ணன் தாளை வைத்துவிட்டுப் போகவில்லை. பிறகு ஒருபோதும் அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை. நான் கையெழுத்திட்டது விடுதலைப் பத்திரம். அதன் சான்றிட்ட நகல் என்னிடம் இருக்கிறது. அண்ணன்மீது கொண்ட அன்பின் காரணமாக என் பங்கை அவருக்கே விட்டுக்கொடுத்ததாக அதில் கண்டிருக்கிறது. அன்பு என்ற சொல்லை எந்த ஆவணத்தில் பார்த்தாலும் அந்தப் பக்கத்தை இப்போது இரண்டு முறை படிக்கிறேன்.

அக்காவின் தொழிலும் சந்தேகத்துக்கு உரம் போடும் தொழில்தான். மருத்துவர் எழுதித் தரும் சீட்டின்படி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. தொழிற்சாலை உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை அவர் நம்பமாட்டார். ஒவ்வொரு வில்லையையும் கருவியில் வைத்துத் தாமே அளப்பார். வாடிக்கையாளர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "நல்லா தெரியுது" என்றால், "என்ன தெரியுது, வாசிங்க" என்று சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைக் காட்டுவார். ஒருவர் மனப்பாடமாக ஒப்பிக்கிறார் என்று ஐயப்பட்டு, பலகையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியதும் உண்டு.

திருமணம் முறிந்து தந்தையின் வீட்டுக்குத் திரும்பியவர் அவர். மாடியில் இரண்டு அறைகள். வெளிப்புறமாக ஏறும் இரும்புப் படி. படுக்கையில் கிடந்த தந்தையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அங்கேதான். தந்தைக்குப் பிறகு, கீழ்த்தளத்தை அண்ணன் தம் பெயரில் ஒப்பந்தம் போட்டு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டார். அன்று முதல் அக்கா ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. என் மகள் திருமணத்துக்கு வந்தவர், பந்தியில் பாதியில் எழுந்து கடைசிப் பேருந்தைப் பிடித்துவிட்டார்.

"ஒரு ராத்திரி பூட்டிட்டு வெளிய தங்கினா, காலைல வேற பூட்டு தொங்கும்டா. அப்புறம் நான்தான் வீதியில நின்னு இது என் வீடுன்னு நிரூபிக்கணும்."

மிகை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

ஜெராக்ஸ்காரரிடம் அவர் முதல் நாளே ஒரு கட்டளை போட்டுவைத்தார். "என் பேருக்கு எது வந்தாலும் வாங்காத. திருப்பி அனுப்பிடு. நீ வாங்கினா நான் வாங்கினதா எழுதிடுவான்." எழுதப்போவது யார் என்று ஜெராக்ஸ்காரர் கேட்கவில்லை. வாடகை வாங்குபவரைத்தான் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கட்டளைதான் பிறகு அக்காவின் கழுத்தைப் பிடித்தது.

கண்ணாடிக் கடையின் வார விடுமுறைகளில் நான் அக்காவைப் பார்க்கப் போவது வழக்கம். அப்படி ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. தோளில் பையும் கையில் ஒரு கட்டுத் தாளுமாக ஒருவர் நின்றார். அக்கா சங்கிலியைக் கழற்றாமல் கதவைச் சிறிதளவு திறந்தார்.

"கோர்ட்லேர்ந்து வரேன்மா. வீட்ட காலி பண்ணித் தரணும்னு உத்தரவு."

"அடையாள அட்டைய காட்டுங்க."

காட்டினார். அக்கா அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல மீசை இருக்கு."

"எடுத்துட்டேன்மா."

"ஏன்?"

நீதிமன்ற ஊழியர் என்னைப் பார்த்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க. மீசை எடுக்கவும் உத்தரவு வாங்கணுமா?"

நான் தாளை இடுக்கு வழியாக வாங்கிப் படித்தேன். வீடு முழுவதும் தமக்கே சொந்தம் என்று அண்ணன் வழக்குத் தொடுத்திருந்தார். தம் பங்கு பிறப்பால் வந்தது. என் பங்கு விடுதலைப் பத்திரத்தால் வந்தது. 'தங்கை தன் பங்கை வாய்மொழியாக எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டாள், இரக்கத்தின் பேரில் அவளை மாடியில் இருக்க அனுமதித்தேன், இப்போது அந்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன்' என்பது அவர் கூற்று. அக்காவுக்கு அனுப்பிய அழைப்பாணை, 'பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்' என்ற தபால்காரர் குறிப்போடு நீதிமன்றத்துக்குத் திரும்பியிருந்தது. தபாலை மறுப்பது சட்டத்தின் பார்வையில் அதைப் பெற்றுக்கொண்டதற்குச் சமம். பெற்றுக்கொண்டும் வராதவர் என்று அக்காவைக் கருதி, ஒருதலைத் தீர்ப்பு அளித்துவிட்டார்கள்.

"மாசக் கடைசில மறுபடி வருவேன்மா, போலீசோட. இத வாங்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்து."

"போட மாட்டேன்."

"இப்படித்தான்மா போன தடவையும் ஆகியிருக்கு" என்று சொல்லி, பசையை எடுத்து உத்தரவின் ஒரு நகலைக் கதவில் ஒட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அக்கா கதவைச் சாத்தி, இரண்டு தாழ்ப்பாள்களையும் போட்டு, என் எதிரே உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நீ ஏன் வந்த?"

"ஒவ்வொரு லீவுக்கும் வரேனேக்கா."

"கரெக்டா அவன் வர்ற நேரத்துக்கு வந்திருக்க."

"என் பங்கையே அவர்கிட்ட பறிகொடுத்துட்டு நிக்கிறேன். என்னை அனுப்பணும்னா அவர் என்ன குடுத்திருக்கணும் சொல்லு."

"அதத்தான் யோசிக்கிறேன். அந்தப் பங்க திருப்பித் தரேன்னு சொல்லியிருப்பான்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பேன். என் கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தேன். சாப்பாட்டு டப்பா, குடை, அன்றைய செய்தித்தாள். அக்கா டப்பாவைத் திறந்தும் பார்த்தார். பிறகுதான், "சரி, கீழ போய் அவன கேப்போம்" என்றார்.

ஜெராக்ஸ்காரர் இயந்திரத்தின் மூடியைப் பிடித்தபடியே பதில் சொன்னார்.

"ஆமாக்கா, தபால்காரர் வந்தாரு. அக்கா எதையும் வாங்க மாட்டாங்க, திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னேன். நீங்க சொன்னதத்தானே சொன்னேன்."

"கோர்ட்டுத் தபால்னு தெரியுமா உனக்கு?"

"கவர் மேல பார்த்தேன். அதுக்குன்னு தனியா ஒண்ணும் நீங்க சொல்லலயே."

"உன் ஓனர்கிட்ட இத சொன்னியா?"

அவர் மூடியை இறக்கினார். "போன்ல பேசுறப்ப கேட்டாரு. சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"நல்லதுன்னாரு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் படியேறினோம்.

நான் தேடிப் பிடித்த வழக்கறிஞர் கெட்டிக்காரர். ஒன்றிரண்டு கேள்விகளிலேயே முடிச்சைக் கண்டுகொண்டார். தபால் வந்த பகலில் அக்கா கண்ணாடிக் கடையில் வேலையில் இருந்தார். மறுத்தவர் கீழ்த்தளத்துக் குடித்தனக்காரர். அவர் குடும்பத்தவரும் அல்லர், முகவரும் அல்லர். ஆகவே சட்டப்படி அழைப்பாணை சேரவில்லை. ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கேட்கலாம். தெரியவந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். பிரமாணப் பத்திரம் தயாராயிற்று. அக்கா அதை வில்லையை அளப்பதுபோல் அளந்து படித்தார்.

"இதுல ஒண்ணு குறையுது சார். நான்தான் அவன்கிட்ட எதையும் வாங்காதன்னு சொல்லி வச்சிருந்தேன். அத எழுதல."

"அது வேணாம்மா. அதுதான் நமக்கு எதிரா இருக்கிற ஒரே விஷயம். அவங்க வாயால வந்தா அப்ப பார்த்துக்கலாம்."

"வரும் சார். அவன் என் அண்ணன், எனக்குத் தெரியும். இத நான் மறைக்கணும்னுதான் அங்க காத்துட்டு இருப்பான்."

"நான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்மா."

"நான் அதுக்கும் முன்னாடியிலேர்ந்து அவனுக்குத் தங்கச்சியா இருக்கேன்."

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா கையை நீட்டி அதை வாங்கி, சட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து, காதுப் பிடியைச் சற்று வளைத்துத் திருப்பிக் கொடுத்தார். "எழுதுங்க. எழுதினா கையெழுத்துப் போடுறேன். இல்லாட்டி வேண்டாம்." அவர் போட மாட்டார் என்பதை நான் உறுதிப்படுத்தினேன்.

பத்திகள் திருத்தப்பட்டன. அக்கா ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டார். எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே மீதமிருந்த வெற்றிடங்களில் குறுக்குக் கோடு கிழித்தார், பின்னால் எவரும் எதையும் சேர்க்காதிருக்க. வழக்கறிஞரின் குமாஸ்தா, "அம்மா, மையே தீர்ந்துடும் போல" என்றார். அக்கா தம் பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்தார்.

விசாரணை அக்கா சொன்னபடியே நடந்தது. அண்ணன் தரப்பு ஜெராக்ஸ்காரரைச் சாட்சியாகக் கொண்டுவந்து, 'எதையும் வாங்காதே என்று அந்த அம்மாள்தான் உத்தரவிட்டார்' என்று சொல்ல வைத்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பினார். நீதிபதி பிரமாணப் பத்திரத்தைப் புரட்டி, "இதை அந்த அம்மாவே எழுதியிருக்காங்களே, புதுசா என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். பின்வரிசையில் இருந்த அண்ணன் தலையைக் குனிந்து தம் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். அடுத்து வந்த தபால்காரர், கீழேயே பதில் கிடைத்துவிட்டதால் தாம் மாடிப்படி ஏறவில்லை என்றும், தமக்கு முழங்கால் வலி என்றும் ஒப்புக்கொண்டார். வந்தது எந்தத் தபால் என்றே தெரியாத அக்கா அதை மறுத்ததாகக் கொள்ள முடியாது என்று சொல்லி, நீதிபதி ஒருதலைத் தீர்ப்பை நீக்கினார்.

மூல வழக்கு அதன் பிறகு நெடுநாள் நீடித்தாலும், அதன் முடிவு ஒரே கேள்வியில் இருந்தது. அசையாச் சொத்தில் உள்ள பங்கை வாயால் விட்டுக்கொடுக்க இயலாது. எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பிரதிவாதியின் கையெழுத்து உள்ள தாள் ஏதேனும் இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டார்கள். அவர் தம் ஆட்களைத் தேடச் சொன்னார். வீட்டில், வரி அலுவலகத்தில், அக்காவின் முன்னாள் கணவர் வீட்டிலும்கூடத் தேடினார்கள். கூரியர் சீட்டில்கூட அவர் கையெழுத்து இல்லை. அவ்வளவு காலத்திலும் அக்கா கையெழுத்திட்டதாக நீதிமன்றத்தின் முன் இருந்தது, வெற்றிடங்களில் கோடு கிழித்த அந்த ஒரு பிரமாணப் பத்திரம்தான்.

மூன்றில் ஒரு பங்கு அக்காவுக்கு என்றும், அதற்கு ஈடாக மாடி முழுவதும் இரும்புப் படியோடு அவருக்கே என்றும் தீர்ப்பாயிற்று. என் பங்கு அண்ணனிடமே இருக்கிறது. அதற்கான என் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் கிடைத்த அன்று, அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து என் கோப்பில் வைத்துக்கொள்ள விரும்பினேன். அக்கா தாள்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"எடுத்துக்க. நானும் கூட வரேன்."

கதவின் இரண்டு பூட்டுகளையும் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு என்னோடு கீழே வந்தார். ஜெராக்ஸ்காரர் தாள்களைக் கேட்டுக் கை நீட்டியபோது அக்கா கொடுக்கவில்லை. தாமே ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்து, மூடியைத் தம் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பட்டன மட்டும் நீ அமுக்கு" என்றார்.