விறகுத் தொட்டிக்குப் பின்னால் ஒரு பகல் சாப்பாடு

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சென்னையில் அரிசிக்கு ரேஷன் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். தியாகராய நகர்ப் பக்கம் ஒரு ரேஷன் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. வீடு சாந்தோமில், மாதா கோவிலுக்குப் பின்புறம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எனக்குக் கீழே மூன்று தம்பிகள். மூவருக்கும் எப்போது பார்த்தாலும் பசி.

அம்மா தினமும் எனக்கு டப்பாவில் சோறு கட்டிக்கொடுத்தாள். அந்த டப்பா நிறைந்த நாட்களில் ராத்திரி தம்பிகளின் தட்டில் சோறு குறைவதை நான் பார்த்தேன். ஒரு நாள், "ஆபீசிலேயே காண்டீன் திறந்துவிட்டார்கள், இனிமேல் சாப்பாடு வேண்டாம்" என்று ஒரு பொய் சொன்னேன். அம்மா சந்தோஷப்பட்டாள். காண்டீனும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு இடம் தேடுவது என் பொறுப்பு.

இதில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். எங்கள் ஆபீசில் பெண்கள் இரண்டே பேர், நானும் அவளும்தான். மயிலாப்பூர் மாட வீதிக்காரி. வீட்டில் பெரிய கூட்டுக் குடும்பம். அவளும் அநேகமாக வெறுங்கையோடுதான் வருவாள். சாப்பிடும் இடம் மலிவாக இருக்க வேண்டும், ருசியாக இருக்க வேண்டும், இரண்டு பெண்கள் தனியாகப் போய் உட்காரக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவதுதான் கிடைக்கவில்லை.

உஸ்மான் ரோட்டில் ஒரு ஓட்டலில் பெண்களுக்கென்று திரை போட்ட அறை இருந்தது. தைரியமாக நுழைந்தோம். பரிமாறுகிறவர் திரையை விலக்கி, "கூட ஆம்பிளைங்க யாரும் வரலீங்களா?" என்று கேட்டார். அந்தத் திரை மறுபடி மூடுவதற்குள் வெளியே இருந்த அத்தனை தலைகளும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டன. "ஏண்டி, மிருகக்காட்சிசாலைல வெச்சிருக்கறாப்ல பாக்கறாளே!" என்றாள் என் தோழி. நாக்கு வெந்துபோகக் காப்பியை விழுங்கிவிட்டு வெளியேறினோம்.

ஆனாலும் நாங்கள் விடவில்லை. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மலையாளி டீக்கடையில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் வெங்காயம் மிளகாய் இடித்த சட்டினியும் கண்டுபிடித்தோம். பொட்டலமாக வாங்கி வந்து ஆபீசின் மாடிப்படியில் உட்கார்ந்து தின்போம். ஒரு கோவில் வாசலில் பதினொரு மணி வரைக்கும் சூடு ஆறாத பயற்றஞ்சுண்டல் கிடைத்தது. எங்கே எது நன்றாயிருக்கும் என்று ஆண் குமாஸ்தாக்கள்கூட எங்களிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது.

ஆனால் கிழங்கும் சுண்டலும் எத்தனை நாளைக்கு? சோறு, சோறு என்று வயிறு அலைந்தது.

ஒரு நாள் ரேஷன் கார்டு விஷயமாக மாம்பலம் ரயில் கேட்டுக்கு அப்பால் நான் மட்டும் போனேன். திரும்பி வரும்போது விறகு விற்கிற ஒரு தொட்டிக்குப் பின்னாலிருந்து கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. கால்கள் அப்படியே நின்றுவிட்டன. ஓலை வேய்ந்த ஒரு குடிசை. வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டை வண்டிக்காரர்கள், கொத்தனார்கள். அடுப்படியில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கொண்டையை இறுக்கி முடிந்து, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். அவள்தான் என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, பாத்துக்கினே நிக்கிறே? துன்றியா?"

தலையை மட்டும் ஆட்டினேன் போலிருக்கிறது. அவள் அடுப்புக்குப் பின்பக்கம், ஆண்களின் பார்வை படாத மூலையில், ஒரு கோணியை உதறிப் போட்டாள். "குந்து" என்றாள்.

ஆவி பறக்கும் சோறு. குழம்பில் கத்தரிக்காயும் மாங்காய்த் துண்டும். ஓரத்தில் ஒரு உருண்டை முருங்கைக்கீரை. ரேஷன் அரிசியின் நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். அது இந்தச் சோற்றில் துளியும் இல்லை. எப்படிக் கழுவினாளோ, எப்படி வடித்தாளோ. பருக்கைகள் மட்டும் ஒரே மாதிரி இல்லை. சிவப்பும் வெள்ளையும், முழுசும் குருணையுமாகக் கலந்திருந்தன. சாப்பிட்டு முடித்ததும் இரண்டணா வாங்கிக்கொண்டாள். என்னால் நம்பவே முடியவில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் நாலு நாளாவது அங்கே போனேன். என் தோழி சைவம். "நீ போய் சாப்டுட்டு வா. வரச்சே வாசனைய மட்டும் அங்கியே விட்டுட்டு வந்துடு" என்பாள். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அந்தப் பெண் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் சோறு விற்கக்கூடாது என்பது சட்டம். அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வது என் உத்தியோகம். தினமும் அந்தக் கோணியில் உட்கார்ந்து, தெரியாதவள் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து மேலிருந்து உத்தரவு வந்தது. இல்லாத ஆட்களின் பெயரைக் கார்டில் சேர்த்து நிறையப் பேர் அரிசி வாங்குகிறார்களாம். வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும். எனக்கு ஒதுக்கிய தெருக்களின் ஜாபிதாவில் விறகுத் தொட்டிச் சந்தும் இருந்தது.

போனால் அவளுக்கு என்னைத் தெரிந்துவிடும். சாப்பாடு போடுவதை எழுதினால் அவள் பிழைப்பு போகும், எழுதாவிட்டால் நான் பொய் எழுதியவள். தோழியிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "இதுல என்ன இருக்கு? நீயே போய் அவகிட்ட பேசு. என்ன ஏதுன்னு கேட்டு எழுதிண்டு வந்துடேன்" என்றாள்.

அவள் பேச்சை நான் கேட்கவில்லை. பக்கத்து செக்‌ஷனில் ஒரு குமாஸ்தா இருந்தார். கறார் பேர்வழி. அவருடைய இரண்டு தெருக்களை நான் வாங்கிக்கொண்டு, அந்தச் சந்தை அவர் தலையில் கட்டினேன். வேண்டியவர்கள் இருக்கும் இடத்துக்கு நான் போவது முறையல்ல என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

அவர் பட்டப்பகலில் போயிருக்கிறார். கார்டில் நாலு பேர். வீட்டில் இருந்ததோ அவளும் படுத்த படுக்கையாக ஒரு மாமியாரும். புருஷனும் கொழுந்தனும் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அடுப்பில் பெரிய பானை, வாசலில் பந்தி. அவருக்கு அது போதுமாயிருந்தது. கார்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்து, 'பொய்ப் பெயர்கள். அனுமதியின்றிச் சோறு விற்பனை' என்று எழுதிவிட்டார்.

விசாரணைக்கு அவளைக் கூப்பிடப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் நான் ரயில் கேட்டைத் தாண்டவில்லை.

பெண்கள் விசாரணைக்கு வந்தால் வாக்குமூலம் எழுதுவது என் வேலை. மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. பக்கவாட்டில் பேனாவோடு நான். அவள் உள்ளே வந்தாள். என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"தினம் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிடுகிறார்களாமே. அவ்வளவு அரிசி ஏது உனக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

"அது அவங்கவங்க அரிசி சாமி. அல்லாம் ஒண்டி ஆளுங்க. ரேசன் வாங்கி அப்படியே என் கைல குட்த்துடுவாங்க. நான் ஒண்ணாக் கொட்டி வடிச்சுப் போடுவேன். கொழம்புக்கும் வெறகுக்கும்தான் காசு. சோத்துக்கு நான் காசு வாங்கறதில்ல."

வெளியே நாலு வண்டிக்காரர்கள் கையில் தங்கள் கார்டுகளோடு நின்றிருந்தார்கள். வேலையை விட்டு அவளுக்காக வந்திருந்தார்கள். அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. புருஷனும் கொழுந்தனும் வந்திருந்தார்கள். நாலு பெயருக்கும் நாலு ஆள் சரியாக இருந்தது.

சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்த அந்தச் சோறு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பத்துக் கடைகளின் அரிசி ஒரு பானையில் விழுந்திருக்கிறது. அரிசியே உத்தியோகமாக இருந்த எனக்கு அது தோன்றவேயில்லை. கூடவே இன்னொன்றும் சுருக்கென்று தைத்தது. நான் ஒரு பிடி அரிசிகூடக் கொடுத்ததில்லையே?

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "ஒரு பெண்ணும் வந்து சாப்பிட்டுப் போவதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். படித்த பெண் மாதிரி. அவள் யார்? அவளுக்கு அரிசி யார் தருகிறார்கள்?"

என் பேனா நின்றுவிட்டது. 'நான்தான் சார்' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வேலை, அப்பா, தம்பிகள் எல்லாம் கண்முன்னே வந்தன. வாய் மூடிக்கொண்டது.

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. "அது எங்க வூட்டுப் பொண்ணு சாமி" என்றாள்.

"கார்டில் பெயர் இல்லையே?"

"இல்லதான். எங்க பங்குல துன்னுது. நான் துன்ற சோத்துல பாதிய ஒருத்திக்குக் குடுத்தா, அதுக்கும் கார்டு கேப்பீங்களா?"

அதிகாரி அறிக்கையை மூடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக்கொள்ளம்மா" என்றார். எங்கள் வீட்டுப் பெண் என்று அவள் சொன்னதை அவள் சொன்னபடியே என் கையால் எழுதினேன். கீழே அவள் கைநாட்டு வைத்தாள். கார்டு அன்றே திரும்பக் கிடைத்தது.

மறுநாள் பகலில் போனேன். கோணியில் உட்காராமல் நின்றேன். அந்தச் சந்து என் பொறுப்பில் இருந்ததையும், நான்தான் அதை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டதையும் சொன்னேன். கரண்டியைப் பானை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ வந்திருந்தா, இது யார் அரிசின்னு ஒரு வார்த்த கேட்டிருப்பியா?"

"கேட்டிருப்பேன்."

"அந்தாளு கேக்கல. பதினோரு நாளு வூட்ல சோறு இல்ல. கூழு வாணாம்னு எம் மாமியா வாய மூடிக்கினு படுத்துக் கெடந்துச்சு."

அவள் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை மாதம் நான் யாருடைய சோற்றைத் தின்றேன் என்று கேட்டேன்.

"அல்லாருதும்தான். அல்லார் பங்குலயும் ஒரு கை கம்மி பண்ணி உனக்குப் போடுவேன். அவங்களுக்கும் தெரியும். நீ ரேசன் ஆபீசுன்னு மொத நாளே தெரிஞ்சிச்சு. பையில கட்டுக் கட்டா கார்டு வச்சிக்கினு வந்தே. வேவு பாக்க வந்துக்கிறான்னு பயந்தாங்க. பயந்துக்கினேதான் போட்டாங்க."

"தெரிந்துமா போட்டீர்கள்?"

"ஆபீசுக்காரின்னா பசிக்காதா?"

சொல்லிவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தாள். வரிசையாக எல்லோருக்கும் பரிமாறினாள். எனக்குப் போடவில்லை. "இன்னிக்கு உனக்கு இல்ல. போயி உன் அரிசிய எட்துக்கினு வா. அப்பால குந்து" என்றாள்.

அன்று மாலை அம்மாவிடம் காண்டீன் என்று சொன்னது பொய் என்பதைச் சொல்லி அழுதேன். அம்மா வாரக் கடைசியில் ரேஷன் வந்ததும் என் பகல் பங்கைத் தனியாக அளந்து, மஞ்சள் துணிப்பையில் கட்டிக் கொடுத்தாள். தம்பிகளுக்குக் குறைந்ததைக் கேழ்வரகு அடை சுட்டுச் சரிக்கட்டினாள்.

திங்கட்கிழமை அந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். இரண்டு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். மற்றவர்கள் அரிசி கிடந்த கூடையில் கொட்டி, கையால் ஒரு கலக்குக் கலக்கினாள். அவ்வளவுதான். நல்லது என்றோ, பரவாயில்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வழக்கமான மூலைக்குப் போகப் பார்த்தபோது மட்டும் வண்டிக்காரர் ஒருவர் வரிசையில் கொஞ்சம் நகர்ந்துகொண்டு, "இப்படியே குந்தும்மா" என்றார். உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷம் அங்கே சாப்பிட்டேன். பிறகு கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டேன். விசாரணை அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். இன்றைக்கும் யாராவது என்னிடம், இன்ன இடத்தில் சாப்பாடு பிரமாதம், அவ்வளவு மலிவு என்று சொன்னால் ஆசையாகத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த இலையில் முதல் கவளத்தை எடுக்கும்போது, இது எனக்கு இத்தனை சுலபமாகக் கிடைப்பதற்காக யார் தன் பங்கில் ஒரு கை குறைத்துக்கொண்டாரோ என்று நினைக்காமல் என்னால் சாப்பிட முடிவதில்லை.