ஐ ஆம் ஓப்பனிங் தி பேக்

புளி மூட்டையைப் பிரித்ததும் மூக்கில் ஏறுமே ஒரு புளிப்பு... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என் சட்டை, வேட்டி, சாப்பாடு எல்லாவற்றிலும் அந்த வாசனைதான்.

ஓசூரில் சின்னதாகப் புளி மண்டி வைத்திருந்தேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் வாங்கி பெங்களூரில் விற்பேன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேரம் பேசுவேன். இங்கிலீஷ் மட்டும் சுத்தமாக வராது.

பெங்களூரில் ஒரு ஃபேக்டரி கேன்டீனுக்கு வருஷம் பூராவும் புளி தேவைப்பட்டது. மேனேஜர் வடக்கத்திக்காரர். எங்கள் பாஷை எதுவும் தெரியாது. தரகர்கள் மேலே நல்ல புளி, அடியில் ஈரப்புளி என்று தள்ளியதில் நொந்துபோய், இனி சரக்குக்காரனே நேரில் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் பேச இங்கிலீஷ் கற்றுக்கொள்ள எனக்கு இருந்தது பத்தே நாள்.

படிப்பு அஞ்சாம் வகுப்பு. மனைவி ரோசலி கிருஷ்ணகிரி மிஷன் பள்ளியில் எட்டு வரை படித்தவள். "எல்லாம் கத்துக்க நேரமில்லீங்க. கையில என்ன வேலை செய்றீங்களோ, அத மட்டும் வாயில சொல்லுங்க, போதும்" என்றாள்.

செருப்பு மாட்டினாலும் இங்கிலீஷ், கதவைத் திறந்தாலும் இங்கிலீஷ். மண்டியில் "ஐ ஆம் லிஃப்டிங்" என்று மூட்டையில் கை வைத்தேன். சுமை தூக்கும் முனியப்பன் பக்கத்து ஆளிடம், "மொதலாளிக்குக் காத்து கருப்பு அடிச்சிருச்சி, வேப்பில ஒடிச்சிட்டு வாப்பா" என்றான்.

ஒரு மூட்டையை பஸ் மேலே போட்டுக்கொண்டு பெங்களூர் போனேன். மேனேஜர் நீளமாக என்னவோ கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து மூட்டைக் கட்டைப் பிடித்தேன்.

"ஐ ஆம் ஓப்பனிங் தி பேக், சார். ஐ ஆம் டேக்கிங் ஃப்ரம் பாட்டம். யூ ஆர் சீயிங்."

தரையிலேயே கவிழ்த்தேன். அடிப்புளியைக் கிள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அதற்கப்புறம் அவர் எதையும் கேட்கவில்லை. ஆர்டர் எனக்குத்தான்.

இங்கிலீஷ் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருந்தால் நானும் வாய்ச்சவடால் அடித்திருப்பேன். செய்வதை மட்டும்தான் சொல்லத் தெரிந்தது.

இப்போது குழாய் ரிப்பேருக்கு ஆளை ஃபோனில் கூப்பிட்டால், "கமிங் சார், ஆன் தி வே" என்கிறான். பின்னால் அவன் வீட்டு டிவி பாடுகிறது. சண்டை போடத் தெம்பில்லை.

ரோசலிக்குக் கண் மங்கிவிட்டது. உள்ளே படுத்தபடி கேட்பாள், "என்னாங்க செய்றீங்க?"

"ஐ ஆம் சிட்டிங்."

"நேத்தும் அதானே சொன்னீங்க..."